உங்களுக்குத் தெரியுமா? ஒரு பழ டின், ஒன்பது படிகள், ஒரு கோடீஸ்வரர்

இந்த முறை பக்கம் முழுக்க ஒரே ஆள்தான்: ஹோவர்ட் ஹியூஸ். விமானி, சினிமாத் தயாரிப்பாளர், அமெரிக்காவின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். 'தி ஏவியேட்டர்' படத்தில் லியனார்டோ டிகாப்ரியோ நடித்தாரே, அவரேதான்.

★ பிறந்த நாளிலேயே குழப்பம். ஹியூஸ் சொல்லிக்கொண்டது 1905 டிசம்பர் 24. ஞானஸ்நானப் பதிவேட்டில் இருப்பதோ அதே வருடம் செப்டம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது!

★ டெக்சாஸில் எண்ணெய்க் கிணறு வைத்திருந்தவர்கள் சிலர் பணக்காரர் ஆனார்கள், பலர் போண்டியானார்கள். இரண்டு தரப்பிடமும் காசு வாங்கியவர் அப்பா ஹியூஸ். 1909-ல் அவர் காப்புரிமை பெற்ற இரட்டைக் கூம்புத் துளைப்பான், அதுவரை அசைந்து கொடுக்காத கடும்பாறையை அரைத்துக்கொண்டு இறங்கியது. அதை அவர் யாருக்கும் விற்கவில்லை, வாடகைக்கு மட்டும் விட்டார். எண்ணெய் வந்தாலும் வராவிட்டாலும் வாடகை வந்துவிடும். மகன் பிற்காலத்தில் விமானத்திலும் படத்திலும் கொட்டிய பணத்துக்கெல்லாம் ஊற்று இதுதான்.

★ அம்மா ஆலீனுக்கு ஒரே பயம், பிள்ளைக்கு ஏதாவது நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று. போலியோ பரவிக்கொண்டிருந்த காலம் அது. தினமும் மகனை உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதித்துப் பார்ப்பார். 1919-ல் பையனுக்குச் சில மாதம் நடக்க முடியாமல் போனது. என்ன காரணம் என்று மருத்துவர்களுக்குப் பிடிபடவில்லை. பிறகு சரியாகிவிட்டது. ஹியூஸ் இறந்த பிறகு, சொத்து வழக்குக்காக ரேமண்ட் ஃபவுலர் என்ற உளவியல் நிபுணர் அவருடைய மனநிலையை ஆவணங்கள் வழியாக ஆராய்ந்தார். உடலுக்கு நடக்கும் பிரேதப் பரிசோதனை மாதிரி, மனசுக்கு ஒன்று. பிற்காலத்தில் ஹியூஸை ஆட்டிப்படைத்த ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோயின் வேர் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது என்பது அவர் கணிப்பு. அதற்காக 'எல்லாம் அம்மாவால் வந்த வினை' என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. இந்த நோயில் பரம்பரைக்கும் மூளையின் இயக்கத்துக்கும் பங்கு உண்டு. பயந்த அம்மாக்களின் பிள்ளைகள் எல்லோரும் இப்படி ஆவதில்லை.

★ அம்மா 1922-ல் போனார், அப்பா 1924 ஜனவரியில். பையனுக்கு வயது 18. டெக்சாஸ் சட்டப்படி மைனர். 19 வயதானதும் நீதிமன்றத்துக்குப் போய் 'நான் மேஜர்' என்று உத்தரவு வாங்கினார். சொந்தக்காரர்களின் பங்கையும் விலைக்கு வாங்கிக்கொண்டு கம்பெனிக்கு முழு முதலாளி ஆனார். அன்றிலிருந்து சாகும்வரை 'இதைச் செய்யாதே' என்று அவரிடம் சொல்லக்கூடிய இடத்தில் ஒருவரும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

★ முதன்முதலில் எடுத்த 'ஸ்வெல் ஹோகன்' படம் அவருக்கே பிடிக்காமல் பெட்டியிலேயே தூங்கியது. அடுத்தடுத்து வந்தவற்றில் 'டூ அரேபியன் நைட்ஸ்' (1927) இயக்குநர் லூயிஸ் மைல்ஸ்டோனுக்கு ஆஸ்கர் வாங்கிக் கொடுத்தது. அதுவும் வரலாற்றின் முதல் ஆஸ்கர் விழாவிலேயே.

★ 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' படப்பிடிப்பு 1927-ல் தொடங்கியது. படம் திரைக்கு வந்தது 1930 மே மாதம். இடையில் நடந்தது ஒரு தனிப் படம்.

முதல் உலகப்போரின் வான்சண்டைக் காட்சிகளுக்காக நிஜ விமானங்களையே வாங்கிக் குவித்தார் ஹியூஸ். பறக்க விட்டுப் படம் பிடித்தால் வேகமே தெரியவில்லை. வெட்டவெளி நீல வானத்தில் விமானம் பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லையே! மேகம் வேண்டும். யூனிட் மொத்தமும் சம்பளம் வாங்கிக்கொண்டு மேகத்துக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்தது. ஒரு காட்சிக்குத் தொழில்முறை சாகச விமானிகளே 'இவ்வளவு தாழ்வாக இந்த மாதிரித் திருப்பினால் விழும்' என்று மறுத்தார்கள். ஹியூஸ் தானே ஓட்டினார். அவர்கள் சொன்னபடியே விழுந்தது. மண்டையில் அடிபட்டும் பிழைத்தார். மற்றவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இந்தப் படத்துக்காகக் குறைந்தது மூன்று பேர் உயிரை விட்டிருக்கிறார்கள்.

மௌனப் படமாகக் கிட்டத்தட்ட முடிந்த வேளையில் பேசும் படம் வந்து சந்தையே மாறிவிட்டது. கதாநாயகி கிரெட்டா நிஸ்ஸன் நார்வேக்காரர். அந்த உச்சரிப்போடு ஆங்கிலேயப் பெண்ணாக எப்படிப் பேசுவது? அவரை எடுத்துவிட்டு அதிகம் பேர் அறியாத ஒரு பெண்ணைப் போட்டு மறுபடி எடுத்தார்கள். அந்தப் பெண்தான் ஜீன் ஹார்லோ. எடுத்துக் குவித்த பிலிமில் நூற்றில் ஒரு பங்குகூடத் திரைக்கு வரவில்லை.

★ ஹார்லோவை வண்ணத்தில் பார்க்க ஒரே வழி, அந்தப் படத்தில் வரும் சில நிமிட விருந்துக் காட்சிதான். மற்றதெல்லாம் கறுப்பு வெள்ளை.

★ படம் எடுத்துப் பெயர் வாங்கிய பிறகு, 1932-ல், 'சார்லஸ் ஹோவர்ட்' என்ற பெயரில் அமெரிக்கன் ஏர்வேஸில் சம்பளத்துக்கு வேலைக்குச் சேர்ந்தார் ஹியூஸ். பயணிகளின் பெட்டி தூக்கினார், துணை விமானியாகப் பறந்தார். ஆளை அடையாளம் கண்டுகொண்டதும் வேலை முடிந்தது. விமானத் தொழிலை அடிமட்டத்திலிருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம். கோடீஸ்வரரின் விளையாட்டாகவும் இருக்கலாம். எனக்கென்னவோ முதலாவதுதான் சரி என்று படுகிறது.

★ 1935 செப்டம்பர் 13, கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனா. அவரும் அவருடைய பொறியாளர்களும் உருவாக்கிய ஹெச்-1 பந்தய விமானம் மணிக்கு 567 கிலோமீட்டர் தொட்டது, தரைத்தளத்திலிருந்து ஏறும் விமானங்களில் அன்றைய உலக சாதனை. உடல் தகட்டில் ஆணித்தலை ஒன்றுகூடத் துருத்திக்கொண்டிராது. தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கும். காற்று எதிலும் தடுக்கக் கூடாது என்பதற்காக அத்தனை ஆணியையும் தகட்டு மட்டத்துக்கு இறக்கித் தேய்த்திருந்தார்கள். சாதனை முடிந்ததும் பெட்ரோல் தீர்ந்து பீட்ரூட் வயலில் வயிறு தேய இறங்கினார். விமானத்துக்கும் அவருக்கும் பெரிய சேதமில்லை. அதே விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது.

'அந்த நோய் இல்லாவிட்டால் இந்த நேர்த்தி வந்திருக்குமா?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆணியைத் தேய்த்ததற்கு ஒரு காரணம் இருந்தது, ஒரு முடிவும் இருந்தது. விமானம் பறந்தது, வேலை முடிந்தது. நோய் சொல்கிற வேலைக்கு முடிவே கிடையாது.

★ 1938 ஜூலை: நான்கு பேர் குழுவுடன் லாக்ஹீட் விமானத்தில் நியூயார்க்கிலிருந்து கிளம்பி பாரிஸ், மாஸ்கோ, ஓம்ஸ்க், யாகுட்ஸ்க், ஃபேர்பேங்க்ஸ், மின்னியாபொலிஸ் வழியாக நியூயார்க்குக்கே திரும்பினார். உலகைச் சுற்ற ஆன நேரம் 91 மணி சொச்சம். ஐந்து வருடம் முன்பு வைலி போஸ்ட் எடுத்துக்கொண்டதில் பாதிக்கும் குறைவு. நாடாளுமன்றம் தங்கப் பதக்கம் அறிவித்தது. வாங்கிக்கொள்ள அவர் போகவே இல்லை. பிற்பாடு அதிபர் ட்ரூமன் அதை அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று.

★ ஹூஸ்டன் விமான நிலையத்துக்கு அந்த வருடமே அவர் பெயரைச் சூட்டினார்கள். உயிரோடு இருப்பவர் பெயர் வைத்த நிலையத்துக்கு மத்திய அரசின் நிதி கிடையாது என்று தெரிந்ததும் பெயர்ப்பலகை இறங்கிவிட்டது. நிதியா பெயரா என்றால் நிதிதானே!

★ ஹியூஸுக்குக் காது மந்தம். நடுக்காது எலும்பு இறுகிப் போகிற வகை. இந்த வகைக் குறைபாடு உள்ளவர்களில் பலருக்கு இரைச்சலான இடத்தில் பேச்சு தெளிவாகக் கேட்கும், அமைதியான அறையில் கேட்காது. எஞ்சின் இரைச்சலுக்கு நடுவே அவருக்குப் பேச்சு நன்றாகக் கேட்டது என்று கூடப் பறந்தவர்கள் சொன்னதில் ஆச்சரியமில்லை.

★ 1946 ஜூலை 7. எக்ஸ்எஃப்-11 உளவு விமானத்தின் முதல் சோதனைப் பறப்பு, ஓட்டியவர் ஹியூஸே. எண்ணெய்க் கசிவால் வலப்பக்க விசிறியில் ஒன்று எதிர்த்திசைக்குத் தள்ளத் தொடங்கியது. விமானம் பெவர்லி ஹில்ஸில் வீடுகளின் மேல் போய் மோதித் தீப்பிடித்தது. எரிகிற விமானத்திலிருந்து அவரை இழுத்துப் போட்டவர் வில்லியம் டர்கின் என்ற கடற்படைத் துருப்புச் சார்ஜென்ட். காறை எலும்பும் விலா எலும்புகளும் நொறுங்கின, தீக்காயம் வேறு. மருத்துவமனையில் படுக்கை வசதியாக இல்லை என்று, பொத்தானை அழுத்தினால் பகுதி பகுதியாக அசைகிற கட்டில் ஒன்றைப் படுத்தபடியே வடிவமைக்கச் சொன்னார். மேலுதட்டுத் தழும்பை மறைக்க மீசை வந்தது. வலிக்குக் கொடுத்த மார்ஃபினும் அதன் பின் கோடீனும் கடைசிவரை விடவில்லை.

★ 'ஸ்ப்ரூஸ் கூஸ்' என்று பத்திரிகைகள் கேலி செய்த அவருடைய ராட்சத விமானத்தில் ஸ்ப்ரூஸ் மரம் சொற்பம், பெரும்பகுதி பிர்ச் மரம். போர்க்காலத்தில் அலுமினியத்துக்குத் தட்டுப்பாடு என்பதால் மரம். எட்டு எஞ்சின், 97 மீட்டருக்கும் மேல் இறக்கை வீச்சு, 750 படைவீரர்களை ஏற்றிச் செல்லும் திட்டம். போர் முடிந்த பிறகும் விமானம் முடியவில்லை. அரசுப் பணத்தை விழுங்கிவிட்டதாக செனட் விசாரணை நடந்தது. 'இது பறக்காவிட்டால் நாட்டை விட்டே போய்விடுகிறேன்' என்ற அளவுக்குப் பேசிவிட்டு வந்தார் ஹியூஸ். 1947 நவம்பர் 2, லாங் பீச் துறைமுகத்தில் தண்ணீரில் ஓட்டிக் காட்டுவதாகச் சொல்லி, திடீரென்று மேலே கிளப்பிவிட்டார். 20 மீட்டர் உயரம், ஒன்றரை கிலோமீட்டர் தூரம், அரை நிமிடம். பிறகு அது பறக்கவே இல்லை. ஆனாலும் அவர் சாகும்வரை அந்த விமானத்தைப் பறக்கத் தயார் நிலையில் பராமரிக்கச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார். இறக்கை வீச்சுக்கான சாதனை 2019 வரை அதனிடமே இருந்தது.

★ நோய்க்கு வருவோம். ஓசிடியைச் 'சுத்தக்காரர்களின் வியாதி' என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது வேறு மாதிரி. வேண்டாத ஓர் எண்ணம் வரும். அதனால் பதற்றம். பதற்றம் தணிய ஒரு சடங்கு: கழுவு, எண்ணு, சரிபார், மறுபடி சொல். கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதிதான் வினையே, ஏனென்றால் 'சடங்கு செய்தால் தப்பிக்கலாம்' என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை எண்ணம் இன்னும் பலமாக வரும்.

இதனால்தான் கிருமிக்கு அஞ்சிய ஹியூஸ் கடைசிக் காலத்தில் குளிக்காமல், நகமும் முடியும் வெட்டாமல் கிடந்தது முரணாகத் தெரிந்தாலும் முரண் அல்ல. அவருடைய பயம் தன் அழுக்கைப் பற்றியது அல்ல, அடுத்தவரிடமிருந்து வருவதைப் பற்றியது. விபத்துக் காயங்களால் தொட்டாலே வலித்திருக்கும், அதனாலும் வெட்டவிடவில்லை என்று சொல்கிற மருத்துவர்களும் உண்டு.

★ ஒரு பழ டின்னைத் திறக்க எத்தனை நேரம் ஆகும்? ஹியூஸ் உதவியாளர்களுக்கு எழுத்தில் கொடுத்த நடைமுறையில் ஒன்பது கட்டம். மேசையைத் தயார் செய்வது முதல் கட்டம். டின்னை எடுத்து வருவது அடுத்தது. பிறகு டின்னைக் கழுவ வேண்டும்: லேபிளை ஊறவைத்து உரித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, அலசி. அப்புறம் துடைப்பது. அப்புறம் கை கழுவுவது. இதற்கெல்லாம் பிறகுதான் திறப்பது. பழத்தைத் தட்டில் மாற்றும்போது தலையும் கையும் டின்னுக்கு ஓரடி தள்ளியே இருக்க வேண்டும். பேசக் கூடாது, இருமக் கூடாது, தொண்டையைச் செருமக் கூடாது, உதடே அசையக் கூடாது.

காது கேட்கும் கருவியின் வயரை எடுத்துத் தரவும் இப்படி ஒரு நடைமுறை உண்டு. குளியலறைக் கதவின் பிடியைத் தொடுமுன் டிஷ்யூத் தாள் ஆறு எட்டு அடுக்கு வேண்டும், அதையும் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். எனக்கு ஹியூஸைவிட அந்த உதவியாளர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். குறிப்பெடுத்தார்கள், தட்டச்சு செய்தார்கள், கோப்பில் போட்டார்கள், வரி பிசகாமல் செய்தார்கள். நம் வீடுகளில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் அம்மாவோ மனைவியோ ஒரு கட்டத்தில் 'போதும், கதவு பூட்டித்தான் இருக்கிறது' என்று கையைப் பிடிப்பார்கள். ஹியூஸின் கையைப் பிடிக்க ஆளில்லை, சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள்தான் இருந்தார்கள். கூட இருப்பவர்கள் சடங்குக்கு ஒத்துழைத்தால் நோய் வலுக்கிறது என்று இன்றைய மனநல மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் படித்துப் படித்துச் சொல்கிறார்கள். அவர் வீட்டில் அந்த ஒத்துழைப்பே அலுவலக விதியாக இருந்தது.

★ 1966. லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் ஒரு புதிய சிகிச்சை முறையை அறிக்கையாக வெளியிட்டார். நோயாளியை அவர் அஞ்சுகிற பொருளைத் தொட வைத்து, உடனே கழுவ விடாமல் தடுப்பது. பதற்றம் ஏறும், பிறகு தானாக இறங்கும். ஓசிடிக்கு இன்றும் முதன்மையான உளவியல் சிகிச்சை இந்த வழியில் வந்ததுதான். அதே 1966 நவம்பரில் ஹியூஸ் லாஸ் வேகாஸின் டெஸர்ட் இன் ஹோட்டலுக்குள் போனார். நான்கு வருடம் வெளியே வரவில்லை. இந்த நோய்க்கென்று அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு, க்ளோமிப்ரமினுக்கு, அனுமதி கிடைத்தது 1989-ல். அப்போது அவர் செத்து 13 வருடம் ஆகியிருந்தது.

★ புத்தாண்டுக்குப் பெரிய சூதாட்டக்காரர்கள் வருகிறார்கள், அறையைக் காலி செய்யுங்கள் என்றது டெஸர்ட் இன் நிர்வாகம். ஹியூஸ் ஹோட்டலையே வாங்கிவிட்டார், சுமார் 1.3 கோடி டாலருக்கு. கையோடு வேறு சில கேசினோக்களும்.

★ லாஸ் வேகாஸ் தொலைக்காட்சி நிலையம் ஒன்று இரவில் சீக்கிரம் மூடிவிடுகிறதே என்று எரிச்சல். அதையும் வாங்கினார். அப்புறமென்ன, விடிய விடியப் படம்.

★ வாழைப்பழ ஐஸ்க்ரீம் தயாரிப்பு நின்றுவிட்டது என்று கேள்விப்பட்ட உதவியாளர்கள் 350 கேலன் தனியாகச் செய்து வரவழைத்தார்களாம். அது வந்து சேர்ந்த சில நாளில் ஐயா 'இது அலுத்துவிட்டது, வெனிலா கொண்டுவாருங்கள்' என்றாராம். ஹோட்டல்காரர்கள் பல மாதம் வந்தவர் போனவர்க்கெல்லாம் வாழைப்பழ ஐஸ்க்ரீம் கொடுத்துத் தீர்த்ததாகக் கதை.

★ அவருடைய நெவாடா தொழில்களையெல்லாம் நடத்திய ராபர்ட் மெஹு, பத்து வருடத்துக்கும் மேல் வேலை பார்த்தும் முதலாளியை நேருக்கு நேர் சந்தித்ததே கிடையாது. எல்லாம் தொலைபேசி, துண்டுச் சீட்டு.

★ நெவாடா பாலைவனத்தில் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் ஹோட்டல் அறையிலிருந்தவரைக் கலங்கடித்தன. 1968-ல் அதிபர் ஜான்சனுக்கே எழுதிப் பார்த்தார். சோதனை நிற்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் பயத்தை நோய் என்று தள்ளிவிட முடியாது. அவர் தயாரித்த 'தி காங்கரர்' (1956) அந்தச் சோதனைத் தளத்துக்குக் காற்று வீசும் திசையில், யூட்டாவில் எடுத்த படம். அங்கிருந்து 60 டன் மண்ணை ஹாலிவுட் செட்டுக்கும் அள்ளி வந்தார்கள். நடித்த பலர் பின்னால் புற்றுநோயில் இறந்தார்கள். கதிர்வீச்சா புகைப்பழக்கமா என்ற விவாதம் ஓயவில்லை. அந்தப் படத்தின் பிரதிகளை ஹியூஸ் பெரும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

★ ஹியூஸின் சுயசரிதை என்று போலியாக ஒன்றைத் தயாரித்து, பதிப்பகத்தை ஏமாற்றினார் க்ளிஃபர்ட் இர்விங் என்ற எழுத்தாளர். ஆள்தான் வெளியே வரமாட்டாரே என்ற தைரியம். 1972 ஜனவரியில் ஹியூஸ் வந்தார், தொலைபேசியில். ஏழு பத்திரிகையாளர்களிடம் பேசினார். இர்விங் சிறைக்குப் போனார்.

★ 1974-ல் ஹியூஸ் பெயரில் ஒரு கப்பல் பசிபிக்கில் கடலடிக் கனிமம் எடுக்கப் போனது. உண்மையில் அது சிஐஏ கப்பல், மூழ்கிப்போன சோவியத் நீர்மூழ்கியைத் தூக்கப் போனது. 'ஹியூஸ் கடலுக்கடியில் சுரங்கம் தோண்டுகிறார்' என்றால் ஊர் நம்பும் என்று சிஐஏ போட்ட கணக்கு சரியாகவே இருந்தது.

★ உலகின் முதல் லேசர் 1960 மே 16 அன்று ஒளிர்ந்தது ஹியூஸ் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில். செய்தவர் தியோடர் மைமன். நிலவில் பத்திரமாக இறங்கிய முதல் அமெரிக்கக் கலம் சர்வேயர்-1 அதே கம்பெனி கட்டியது.

★ 'தி ஏவியேட்டர்' (2004) படத்தின் முற்பகுதியில் ஹியூஸின் தட்டில் இருக்கும் பட்டாணி நீலமாகத் தெரியும். அச்சுக் கோளாறு இல்லை. அந்தக் காலத்து இரு வண்ணப் படமுறையில் பச்சை சரியாக வராது. மார்ட்டின் ஸ்கார்செஸி வேண்டுமென்றே அந்த நிறத்தைக் கொண்டுவந்தார். அந்தத் தட்டிலிருந்து நடிகர் எரால் ஃப்ளின் ஒரே ஒரு பட்டாணியை எடுத்து வாயில் போடுவார். அதற்குமேல் ஹியூஸால் சாப்பிட முடியாது. நோயை விளக்க அந்த ஒரு காட்சி போதும். படத்துக்கு 5 ஆஸ்கர். கேத்தரின் ஹெப்பர்னாக நடித்த கேட் பிளாஞ்செட்டுக்கு அதில் ஒன்று. ஆஸ்கர் வாங்கிய ஒருவராக நடித்து ஆஸ்கர் வாங்கிய முதல் ஆள் அவர். டிகாப்ரியோவுக்குச் சின்ன வயதில் ஓசிடி இருந்தது. நடிப்புக்காக அதைத் திரும்ப வரவழைத்துக்கொண்டதாகவும், விலக்கச் சிரமப்பட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

★ 1976 ஏப்ரல் 5: மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து ஹூஸ்டன் மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியில், விமானத்திலேயே உயிர் பிரிந்தது. ஆறடி நான்கு அங்குல மனிதர், எடை 41 கிலோ அளவில். ஆள் அவர்தான் என்று உறுதி செய்ய எஃப்பிஐ கைரேகை பார்த்தது. எக்ஸ்ரேயில் கைகளுக்குள் ஒடிந்த ஊசிமுனைகள் தெரிந்தன. சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது. சுற்றி மருத்துவர்களும் உதவியாளர்களும் கடைசிவரை சம்பளத்தில்தான் இருந்தார்கள்.

★ செல்லுபடியாகும் உயில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பாலைவனத்தில் தான் காரில் ஏற்றிக்கொண்ட கிழவர் ஹியூஸ்தான் என்று சொன்ன மெல்வின் டம்மர் பெயரில் பங்கு எழுதியிருந்த உயில் ஒன்று முளைத்தது. 1978-ல் நெவாடா நீதிமன்றம் அதைப் போலி என்று தள்ளியது. சொத்து உறவினர்களுக்குப் போனது.

★ 1953-ல் ஹியூஸ் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனம் தொடங்கி, தன் விமானக் கம்பெனியின் பங்குகளை மொத்தமாக அதன் பெயருக்கு மாற்றினார். வரி ஏய்க்கும் வழி என்று அன்று பலரும் சொன்னார்கள், அவர் காலத்தில் ஆய்வுக்குப் போன பணமும் குறைவுதான். அவர் இறந்த பிறகு புது அறங்காவலர்கள் வந்தார்கள். 1985-ல் கம்பெனியை ஜெனரல் மோட்டார்ஸுக்கு 500 கோடி டாலருக்கும் மேல் விற்றார்கள். அந்த நிறுவனம் இன்று உலகின் பெரிய உயிரியல் ஆய்வு அறக்கட்டளைகளில் ஒன்று. அதன் வர்ஜீனியா ஆய்வுக்கூடத்தில் பழ ஈயின் மூளையை எடுத்துக்கொண்டு, எந்த நரம்பணு எதோடு இணைந்திருக்கிறது என்று வரைபடம் போட்டார்கள். 2020-ல் வெளியான அந்தப் படத்தில் சுமார் 25,000 நரம்பணுக்கள். அதுவும் முழு மூளை அல்ல, மையப் பகுதி மட்டும்.